ஈரத்துக்குக் கழித்தது போக

மேக்கப் போடுகிற பெண் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து கன்னத்தில் வைத்ததும் அம்சவேணி முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஈரம். வேறு எதையாவது வைத்துத் துடைக்கக் கூடாதா இந்தப் பெண்? இருபத்தெட்டு வருஷமாக ஈரம் என்றாலே அவளுக்கு ஆகாது. துவைத்த துணியைக்கூட அரை ஈரத்தோடு மடிக்க மாட்டாள், புருஷன் குணசீலன் கேலி செய்வார், உனக்குத் தண்ணியில கண்டமா என்று. கண்டம்தான். உங்களுக்குத்தான் கண்டம், அது தெரியாமல் சிரிக்கிறீர்களே என்று நினைத்துக்கொண்டு துணியைத் திரும்பக் கொடியில் போடுவாள். இப்போது அவர் எங்கே? கண்ணாடியில் பின்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இந்த சாலிகிராமம் ஸ்டுடியோவின் மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார், அறுபது வயசு மனுஷன். "மூச்சு வாங்கலியா?" என்று கேட்டதற்கு, "ஏணியே ஏறினவன், இது ஒரு படியா?" என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட நிமிஷத்திலிருந்து அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பழைய டிவி நிகழ்ச்சி ஒன்றைப் பற்றிப் பதினோரு மணிக்கு ஷூட்டிங். மணி பத்து இருபது. இன்னும் நாற்பது நிமிஷத்தில் யாராவது அவளைப் பார்த்து, அம்மா, அத்தனை ஓட்டுக் கார்டையும் நீங்க எப்படி எண்ணினீங்க என்று கேட்கப் போகிறார்கள். கேட்காமல் விட மாட்டார்கள். அதற்காகத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள்? பாடினவர் அவர், எண்ணினவள் அவள், இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி, எவ்வளவு சுவாரசியம்! ஆனால் அந்த எண்ணிக்கை தப்பு. அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பிடித்த அந்த முதலிடம் அவருடையது இல்லை. அது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்த அவ்வளவுதான் தொண்டையில் மீன்முள் மாதிரி இத்தனை வருஷமாக நிற்கிறது.

"கண்ணை மூடிக்கோங்கம்மா," என்றாள் அந்தப் பெண். மூடிக்கொண்டாள். மூடினால் உடனே அந்த அறைதான் வருகிறது, கோடம்பாக்கத்தில் சேனல் ஆபீஸுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை, தரை முழுக்க அஞ்சல் அட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ‘ஏணிப் பாட்டு’ ஆரம்பித்தால் தெருவில் காக்காய்கூடப் பறக்காது. பத்துப் பாட்டு. பத்துப் படி வைத்த ஒரு மர ஏணி. பத்தாவது இடம் பிடித்த பாட்டின் பலகையைக் கீழ்ப்படியில் மாட்டி ஆரம்பித்து, ஒவ்வொன்றாக மேலே போய், முதலிடம் பிடித்த பாட்டைப் பாடினவரையே நேரில் கூப்பிட்டு ஏணியில் ஏறவைத்து, உச்சிப்படியில் அவர் கையாலேயே பலகையை மாட்டச் சொல்வார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பாடகர்கள் தவம் கிடந்தார்கள். எது எந்தப் படி என்று முடிவு செய்தது ஜனங்களின் கார்டு. அந்தக் கார்டை எண்ணினது அம்சவேணியும் இன்னும் மூன்று பெண்களும். முதல் வருஷம் ஒவ்வொன்றாகத்தான் எண்ணினார்கள், சத்தியமாக, விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, நூறுக்கு ஒரு கட்டு. பிறகு கார்டு மூட்டை மூட்டையாக வர ஆரம்பித்தது. வாரத்துக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம். நான்கு பெண்கள் எண்ணி முடிக்கவா முடியும்? நிகழ்ச்சித் தயாரிப்பாளர் நமச்சிவாயம் சார்தான் அந்த யோசனையைச் சொன்னார். "எதுக்கும்மா எண்ணிக்கிட்டுக் கெடக்கீங்க? பாட்டு வாரியாப் பிரிங்க. தராசுல தூக்கிப் போடுங்க. எல்லாம் ஒரே கார்டுதானே? எது கனமோ அது மேல." பாவி மனுஷன், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! கேட்கும்போது அவளுக்கும் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. பழைய பேப்பர் கடை துரைக்கண்ணு அண்ணன் வியாழக்கிழமைதோறும் தன் தராசைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார், திங்கட்கிழமை வந்து பழைய கார்டுகளையும் தராசையும் எடுத்துக்கொண்டு போவார், அப்படி ஓர் ஏற்பாடு. வெளியே யாருக்கும் தெரியாது. மக்கள் லட்சக்கணக்கில் கார்டு போட்டு, இந்த வாரம் எத்தனை ஓட்டு, எத்தனை ஓட்டு என்று டிவியில் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அத்தனையும் கிலோவுக்கு இத்தனை என்று பெருக்கிப் போட்ட கணக்கு.

"என்னம்மா, அழறீங்களா? மை போட்டிருக்கேன், கலைஞ்சிடும்." "இல்லம்மா, கண்ணு எரியுது." மை கலைந்துவிடும். ஆமாம், அன்றைக்கும் மை கலைந்துதான் வந்தது. கார்த்திகை மாதம், வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வர வேண்டிய மூட்டை எங்கேயோ ஒரு ரயில்வே ஸ்டேஷனில் இரண்டு நாள் மழையில் கிடந்து, சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தது. அவிழ்த்தால் கார்டு கார்டாக இல்லை, அடை அடையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நீல மை, பச்சை மை, சிவப்பு மை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஊறி விரலெல்லாம் ஊதா. நாலு பெண்களும் உரி உரியென்று உரித்தார்கள். வெங்காயத்தோல் மாதிரி வந்தது. கிழியாமல் எடுக்க வேண்டும், பாட்டுப் பேரைப் படிக்க வேண்டும், ராத்திரிக்குள் பட்டியல் போக வேண்டும், நமச்சிவாயம் சார் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார், இன்னுமாம்மா, இன்னுமாம்மா. படிக்க முடிகிறதா என்பதுதான் அவளுக்குப் பயம். கனக்குமே என்று தோன்றவேயில்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று? இத்தனைக்கும் அம்மாவோடு குழாயடிக்குப் போய்ப் போர்வை துவைத்துப் பிழிந்து தூக்கி வளர்ந்தவள். நனைந்த போர்வை என்ன கனம் கனக்கும் என்று அவள் இடுப்புக்குத் தெரியும். அன்றைக்கு அந்த இடுப்பு எங்கே போயிருந்தது? அந்த மூட்டை முழுக்க ஒரே பாட்டு, ஊஞ்சல் பாட்டு. பாடின பையன் அந்த ஊர்க்காரன், அதனால் ஊரே திரண்டு கார்டு போட்டிருந்தது. வாரித் தட்டில் வைத்தாள். ஊஞ்சல் பாட்டு முப்பத்தொரு கிலோ. வத்சலா என்ற பெண் பாடின ரயில் பாட்டு இருபத்தொன்பதரை. "ஊஞ்சல்தான் சார் மேல!" என்று கத்தினது அவள்தான். சந்தோஷமாக வேறு கத்தினாள், புதுப் பையன் ஒருத்தன் ஜெயித்துவிட்டானே என்று.

அந்தப் புதுப் பையன்தான் குணசீலன். ஞாயிற்றுக்கிழமை அவர் ஏணி ஏறினதை அவள் ஸ்டுடியோ மூலையில் கேபிள் சுருளின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். இரவல் சட்டை, தோளில் தையல் இழுத்துக்கொண்டு நின்றது. உச்சிப்படியில் பலகையை மாட்டிவிட்டுக் கீழே பார்த்துக் கும்பிட்டார். யாரைப் பார்த்து என்று அவருக்கே தெரியாது, முகத்தில் அவ்வளவு விளக்கு. நிகழ்ச்சி முடிந்ததும் நேராக அந்த ஜன்னலில்லாத அறைக்கு வந்துவிட்டார். மற்றப் பாடகர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. "எண்ணினது யாருங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." தரையில் மின்விசிறிக்குக் கீழே பரப்பிக் காயவைத்திருந்த கார்டுகளில் ஒன்றை எடுத்து, படிக்கவில்லை, மூக்குக்குக் கிட்டே வைத்து மோந்து பார்த்தார். "எங்க ஊரு மழை," என்றார். கண் கலங்கியிருந்தது. "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார். எடுத்துக்கோங்க என்றாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் அவள் வாழ்க்கையிலேயே கடைசியாக நிம்மதியாக இருந்த நாள் என்றால் மிகையில்லை. மறுநாள் திங்கட்கிழமை துரைக்கண்ணு அண்ணன் வந்தார், குவியல் குவியலாக எடை போட்டு மூட்டை கட்டினார். ஊஞ்சல் குவியல் இருபத்தேழரை. "அண்ணே, உங்க தராசு ரிப்பேர்," என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் தராசைப் பற்றி யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "தராசுக்கு ஒண்ணும் இல்லம்மா. வியாழக்கெழம நனைஞ்சு கெடந்துச்சுல்ல? ஈரக் காகிதம் கனக்கும். நாங்க எப்பவும் ஈரத்துக்குக் கழிச்சுத்தான் எடுப்போம். இது சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமே!" சின்னக் குழந்தைக்குத் தெரியும். அம்சவேணிக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் நமச்சிவாயம் சாரிடம் சொன்னாள். அவர் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார். பிறகு சொன்னார்: "ஏறினவனைக் கீழ எறக்கச் சொல்றியா? போய் இந்த வார மூட்டையைப் பிரி." போய்ப் பிரித்தாள். அடுத்த வாரம் ஊஞ்சல் மூன்றாவது இடத்துக்கு வந்தது, பிறகு ஏழு, பிறகு காணோம். வத்சலா பாட்டும் இறங்கிவிட்டது. அந்தப் பெண் ஏணியே ஏறவில்லை. கல்யாணமாகி மஸ்கட்டோ தோகாவோ போய்விட்டதாகப் பேச்சு. அம்சவேணி ஃபோனில் அந்தப் பேரை எத்தனை தடவை தேடியிருப்பாள்! சமையல் குறிப்பு சொல்கிற வேறு வத்சலாதான் வருகிறாள்.

"தலையைக் கொஞ்சம் தூக்குங்கம்மா. சார் பெரிய பாடகராமே?" என்றாள் மேக்கப் பெண். என்ன சொல்வது? மொத்தம் ஆறு பாட்டு. அதில் நாலு கோரஸ். பிறகு கல்யாணக் கச்சேரி, கோயில் கச்சேரி, பிறகு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். ஆனால் எந்த மேடையில் ஏறினாலும் மைக் பிடிக்கிறவன், ஏணிப் பாட்டில் முதலிடம் பிடித்த அண்ணன் குணசீலன் என்றுதான் ஆரம்பிப்பான். அந்த ஒரு வரிதான் அவர் சோற்றுக்கு உப்பு. ஏணி உச்சியில் அவர் கும்பிடுகிற போட்டோ ஹாலில் தொங்குகிறது. ஆயுத பூஜைக்கு ஆர்மோனியத்துக்குப் பொட்டு வைக்கிறவர் அந்தப் போட்டோவுக்கும் ஒரு பொட்டு வைப்பார். அவள் கையால் அரைத்த சந்தனம். ஒவ்வொரு வருஷமும் சந்தனம் அரைக்கும்போது, இந்த வருஷம் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். நிச்சயம் ஆன அன்றைக்குச் சொல்ல நினைத்தாள், பெரியவர்கள் இருந்தார்கள். கல்யாணம் ஆன புதிதில் மெரினாவில் சொல்ல வாய் திறந்தாள், அவர் சுண்டல் வாங்கப் போய்விட்டார். மகள் பிறந்த வருஷம் வாய்ப்பே இல்லாமல் அவர் ஆறு மாசம் வீட்டில் படுத்துக் கிடந்தபோது, அந்தப் போட்டோவைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுந்து உட்கார்ந்தார். அப்போது சொல்லியிருந்தால் அவள் மனுஷியா? அப்படித் தள்ளித் தள்ளி இங்கே வந்து நிற்கிறது. சொன்னால் என்ன ஆகும்? முதலிடம் போகும். போகட்டும், அதுகூடப் பெரிதில்லை. அதற்கு அப்புறம் ஒரு கேள்வி கேட்பாரே, அதுதான் அவளைத் தூங்கவிடாத கேள்வி: அப்போ பாவம் பார்த்தா என்னைக் கட்டிக்கிட்ட? செய்த தப்புக்குப் பரிகாரமா? இல்லை என்றுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் எதை வைத்து நிரூபிப்பது? ஒருவேளை கொஞ்சம் பாவமும் இருந்ததோ? ஈரம் எவ்வளவு, காகிதம் எவ்வளவு என்று இருபத்தாறு வருஷத்துக் குடும்பத்தை இப்போது பிரித்துப் பார்க்கவா முடியும்? சே, என்ன யோசனை இது. நமச்சிவாயம் சார் செத்துப் போய்ப் பத்து வருஷமாகிறது. கூட வேலை பார்த்த பெண்களுக்குத் திங்கட்கிழமை விஷயம் தெரியாது. எண்ணினோம், ஒவ்வொன்றாக எண்ணினோம், விரல் தேயத் தேய எண்ணினோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டியதுதான். யார் வந்து இல்லை என்று சொல்லப் போகிறார்கள்?

கதவு படாரென்று திறந்தது. தொகுப்பாளினி தாரிகா, இருபத்தைந்து வயசு இருக்கும், அந்த ஏணியின் காலத்தில் பிறந்தேயிருக்க மாட்டாள். "ஆன்ட்டி! சூப்பரா இருக்கீங்க! உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கோம், சொல்லக் கூடாது, ஆனா சொல்லாம இருக்க முடியல. உங்ககூட வேலை பார்த்த ஆன்ட்டி ஒருத்தங்க சொன்னாங்க, கார்டையெல்லாம் தராசுல போட்டுத்தான் கணக்கெடுத்தீங்களாமே? எவ்ளோ க்யூட்! அந்தத் தராசே கெடச்சிடுச்சு ஆன்ட்டி. செட்ல வச்சிருக்கோம். தராசுக்காரரையும் புடிச்சிட்டோம், துரைக்கண்ணு தாத்தா, கீழ காபி குடிச்சிட்டிருக்கார். அவரை உங்க முன்னாடி கொண்டு வந்து நிறுத்தி, அந்த ஊஞ்சல் பாட்டு வாரத்தைப் பத்திப் பேச வைக்கப் போறோம்!" சொல்லிவிட்டுக் கைதட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். துரைக்கண்ணு அண்ணன் உயிரோடு இருக்கிறாரா? நல்லா இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும், ஆனால் இன்றைக்கா வர வேண்டும்? தராசைப் பற்றிக் கேட்டால் அவர் எதை மறைக்கப் போகிறார்? மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாதே! தராசு தப்பில்லம்மா, நனைஞ்சிருந்துச்சு, மூணரைக் கிலோ தண்ணி என்று கேமராவைப் பார்த்துச் சொல்வார். இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார், சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோகும், அதையும் படம் பிடிப்பார்கள், ஊர் முழுக்கப் போடுவார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்கும். ஐயோ. கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "இன்னும் முடியலம்மா," என்றாள் மேக்கப் பெண். "அம்மாடி, கொஞ்ச நேரம் வெளிய இரு. கோச்சுக்காத." அந்தப் பெண் போகவும் அவர் உள்ளே வரவும் சரியாக இருந்தது. "வேணி! அதே ஏணிதான் பாத்துக்க. பெயின்ட் மட்டும் புதுசா அடிச்சிருக்காவ. என்னை மறுபடி ஏறச் சொல்லுதாவ, பலகை மாட்டணுமாம்!" சட்டைக் காலரைக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டு நின்றார். புதுச் சட்டை, இவளே எடுத்துக் கொடுத்தது, தோளில் இழுக்காதது.

"ஏங்க, கொஞ்சம் உக்காருங்க." "நிக்கதுக்கே நேரமில்ல, உக்காரச் சொல்லுத." "உக்காருங்கன்னா உக்காருங்க." உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று இருபத்தெட்டு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றும் வரவில்லை. "அந்த வாரம் உங்க ஊர் மூட்டை நனைஞ்சு வந்தது." "தெரியுமே, நான்தான் ஒரு கார்டு எடுத்தேம்லா." "நாங்க எண்ணலீங்க, எடைதான் போட்டோம். நனைஞ்ச கார்டையும் அப்படியே போட்டுட்டேன்." "சரி, அதுக்கென்ன?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு மெல்ல நிறுத்தினார். "காஞ்சப்புறம் மூணரைக் கிலோ கொறஞ்சுது. அவ்வளவும் தண்ணி. முதலிடம் உங்களோடது இல்ல. ரயில் பாட்டோடது." சொல்லிவிட்டாள். இவ்வளவுதானா? நாலு வாக்கியம்தானா? கண்ணாடியைச் சுற்றி எரிந்த பல்புகளில் ஒன்று மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால் தேவலை. "உனக்கு எப்பத் தெரியும்?" "மறுநாளே." "கல்யாணத்துக்கு முன்னாலயேவா?" "ம்." எத்தனையோ கேட்கலாம், அதைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் யாரோ கதவைத் தட்டி, "சார், மேடம், ரெடி!" என்று கத்தினார்கள். அவர் எழுந்தார், மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை போட்டார், அவளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்.

செட்டுக்குள் அவ்வளவு குளிர். ஏசியா, பயமா, தெரியவில்லை. அவரோடு ஒட்டி நாற்காலி போட்டிருந்தார்கள், தோள் படுகிறது, ஆனால் மனுஷன் எங்கேயோ இருக்கிறார். கேட்ட கேள்விக்குச் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்கிறார், ஊஞ்சல் பாட்டில் இரண்டு வரி பாடக்கூடப் பாடினார், சுருதி பிசகவில்லை. அவள்தான் ஒவ்வொரு சிரிப்பையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். இது எந்தச் சிரிப்பு? வீட்டுக்குப் போனதும் போட்டோவைக் கழற்றுகிற சிரிப்பா? பெட்டியைக் கட்டுகிற சிரிப்பா? அதற்குள் கைதட்டல், துரைக்கண்ணு அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்துவிட்டார்கள். ஆள் பாதியாகிவிட்டார், தராசு அப்படியே இருக்கிறது. "தாத்தா, அந்த வாரம் ஊஞ்சல் பாட்டு எவ்வளவு வெயிட்டு, ஞாபகம் இருக்கா?" என்றாள் தாரிகா. அம்சவேணி புடவைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் தராசுத் தட்டைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். "எத்தனையோ காகிதம் போட்டாச்சு பாப்பா. எதுன்னு ஞாபகம் வச்சுக்க? எனக்கு இந்தம்மா மூஞ்சியே ஞாபகம் இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். அடப்பாவி மனுஷா! அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் வந்தது. மறந்தே போய்விட்டாரா? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று சொன்ன வாய்தானே இது? இன்னும் ஒரு கால்மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எல்லாம் தப்பித்திருக்கும், சந்தனம், பொட்டு, போட்டோ, எல்லாம். அவசரப்பட்டு அவளே தூக்கிப் போட்டு உடைத்துவிட்டாள். அவள் மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். கோபமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இப்போ நம்ம ஹீரோ சார் ஏணி ஏறப் போறார்!" ஊஞ்சல் என்று எழுதின பலகையை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் ஏணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று. அம்சவேணி தன்னையறியாமல் எண்ணினாள், அந்த நாளில் எண்ணாமல் விட்டதையெல்லாம் சேர்த்து எண்ணுகிறவள் மாதிரி. ஆறு, ஏழு. ஏணி லேசாக ஆடினது. எட்டு. ஒன்பது. ஒன்பதாவது படியில் நின்றார். கீழேயிருந்து, "இன்னும் ஒரே படி சார்!" என்று தாரிகா கூவினாள். அவர் குனிந்து, இரண்டாவது இடத்துக்கான அந்தப் படியின் ஆணியில் பலகையை மாட்டினார். நேராக இருக்கிறதா என்று ஒரு விரலால் தட்டிச் சரி செய்தார். "சார், அது ரெண்டாவது இடம் சார், மேல, மேல!" "முட்டி ஒத்துக்கிடலம்மா. இதுக்கு மேல ஏற முடியாது." "உச்சி காலியா இருக்கே சார்!" "இருக்கட்டும். அது அப்படியே இருக்கட்டும்." வயசானவர் பாவம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். காலையில் மூன்று மாடியைத் தாவி ஏறின முட்டி. அது அம்சவேணிக்கு மட்டும்தான் தெரியும். கைதட்டலாமா என்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மேக்கப் பெண் அவ்வளவு சொல்லியும் மை கலைந்துகொண்டிருந்தது.

லைட்டை மாற்ற வேண்டும், ஐந்து நிமிஷம் என்றார்கள். அவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டு அவளிடம் நீட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர், சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பாவம் பாத்தா கட்டிக்கிட்ட?" என்றார். கேட்டேவிட்டார். "இல்லைங்க," என்றாள். "அந்தக் கார்டை எடுத்து மோந்து பாத்தீங்களே. அதுக்குத்தான்." அவர் அதை ஒரு நிமிஷம் வாய்க்குள் வைத்து மென்றார். "சரி. ஒண்ணு சொல்லட்டா? நானும் உங்கிட்ட ஒண்ணு சொல்லாம வச்சிருக்கேன். அந்த வாரம் நானும் ஒரு கார்டு போட்டேன்." "உங்க பாட்டுக்குத்தானே? எல்லாரும் போடறதுதான்." "சீ, நமக்கு நாமளே போட்டுக்கிடுதது அசிங்கம்லா. ரயில் பாட்டுக்குப் போட்டேன். அந்தப் புள்ள என்னமாப் பாடியிருந்தா! மேல நிக்கும்போதே எனக்கு உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. பேரு, விலாசம், எல்லாம் எழுதித்தான் போட்டேன், எண்ணுதவங்க பாப்பாங்கன்னு. உங் கைக்குத்தானே வந்திருக்கும் வேணி? நீ பாக்கவேயில்லியா?" ரயில் பாட்டுக் குவியல், இருபத்தொன்பதரைக் கிலோ, நனையாதது. அவரை அவள் முதன்முதலாகப் பார்ப்பதற்கு மூன்று நாள் முன்னால் அவர் பேர் அவள் விரலுக்கு நடுவில் இருந்திருக்கிறது, எடுத்து, பிரித்து, குவியலில் போட்டிருக்கிறாள்.

"பாட்டுப் பேரை மட்டும்தாங்க பாத்தேன்," என்றாள் அம்சவேணி. "மத்ததெல்லாம் எடைக்குப் போயிடுச்சு."